பழைய கணிப்பொறி: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய புதிதில் அது சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. இப்போதோ, பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் திரை தயாராக இருப்பதில்லை. இணையத்தில் நான்கு பக்கங்களைத் திறந்தால் எல்லாமே அப்படியே நின்றுவிடுகிறது. "பழசாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்கிறார்கள் பார்த்தவர்கள். புதிது வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. சில ஆயிரம் ரூபாய் மட்டும் இருக்கிறது. அதை எந்த உறுப்பில் போட்டால் முழுப் பயன் கிடைக்கும்?

இந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டியதில்லை. கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் விடையை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

கணிப்பொறிக்கு மூப்பு உண்டா?

வண்டியின் அச்சு தேய்கிறது. தையல் இயந்திரத்தின் பல்சக்கரம் தேய்கிறது. ஆனால் கணிப்பொறியின் மூளையான செயலியில் அசையும் பகுதி எதுவும் இல்லை. 2013-ஆம் ஆண்டில் வினாடிக்கு 300 கோடி முறை துடித்த செயலி இன்றும் அதே 300 கோடி முறைதான் துடிக்கிறது. வேகம் குறையவில்லை.

குறைந்தது வேகம் அன்று, கூடியது சுமை. இன்றைய இணையப் பக்கம் ஒன்று, திறந்து வைத்திருக்கும்போதே சில நூறு மெகாபைட் நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். இயக்க மென்பொருளும் ஒவ்வொரு பதிப்பிலும் பருத்துக்கொண்டே வந்திருக்கிறது. அன்று தாராளமாகத் தெரிந்த 4 கிகாபைட் நினைவகம் இன்று போதவில்லை.

உண்மையிலேயே தேய்பவையும் சில உண்டு. சுழலும் தட்டு, காற்றாடி, மின்தேக்கிகள் ஆகியவை அவை. போதாக்குறைக்குத் தூசி வேறு. தூசியடைந்த காற்றாடியால் செயலி சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே எதையும் வாங்குமுன், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து தூசியை நீக்குங்கள். இதற்குச் செலவே இல்லை.

ஒரு துடிப்பு ஒரு வினாடியானால்...

கணிப்பொறிக்குள் நேரம் எங்கே போகிறது? செயலியின் ஒரு துடிப்பு, ஒரு வினாடியில் 300 கோடியில் ஒரு பங்கு. நம் மனத்துக்கு எட்டாத சிறு அளவு இது. ஆகவே ஒரு கற்பனை செய்வோம். அந்த ஒரு துடிப்பை ஒரு வினாடியாக நீட்டிக்கொள்வோம். மற்ற உறுப்புகளின் நேரத்தையும் அதே விகிதத்தில் நீட்டுவோம்.

செயலி தனக்கு வேண்டிய எண் ஒன்றை ராம் எனப்படும் நினைவகத்திலிருந்து கேட்கிறது. உண்மையில் அது வந்து சேர ஏறத்தாழ 80 நானோ வினாடி ஆகும். நம் கற்பனைக் கணக்கில் இது 4 நிமிடம். பரவாயில்லை, காத்திருக்கலாம்.

அந்த எண் நினைவகத்தில் இல்லை. சுழலும் தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். வேண்டிய இடம் படிப்பானுக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு 4.2 மில்லி வினாடி. படிப்பானைத் தாங்கிய கை உரிய வட்டத்துக்கு நகர மேலும் 8 மில்லி வினாடிக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 12.5 மில்லி வினாடி. கற்பனைக் கணக்கில் இது எவ்வளவு தெரியுமா? 434 நாட்கள்! ஓராண்டும் இரண்டு மாதமும் கடந்துவிடுகின்றன. அதுவரை செயலி கைகட்டி நிற்கிறது.

இதே எண் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் இருந்தால்? அங்கே சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஏறத்தாழ 0.1 மில்லி வினாடியில் வந்துவிடும். நம் கணக்கில் மூன்றரை நாள்.

நான்கு நிமிடம், மூன்றரை நாள், பதினான்கு மாதம் ஆகிய இம்மூன்று அளவுகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுழலும் தட்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் தட்டுச் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அது கொண்டது 50 லட்சம் எழுத்துகள். ஓர் எழுத்தை எடுக்க 600 மில்லி வினாடி. இன்று பழசாகிவிட்ட 500 கிகாபைட் தட்டு, கொள்ளளவில் அதைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கும் பெரியது. ஆனால் தகவலைத் தேடி எடுக்கும் வேகத்தில் 48 மடங்குதான் முன்னேற்றம். சுழலும் பொருளுக்கு இயற்கை விதித்த எல்லை அது.

ஆம்டாலின் கணக்கு

இனி அடுத்த படி. 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற கணிப்பொறி வடிவமைப்பாளர் ஓர் எளிய உண்மையை எடுத்துரைத்தார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், கிடைக்கும் மொத்தப் பயனை மீதிப் பகுதியே கட்டுப்படுத்தும் என்பதுதான் அது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உங்கள் கணிப்பொறி தயாராக 100 வினாடி ஆகிறது. அதில் 80 வினாடி தட்டுக்காகக் காத்திருப்பது; 20 வினாடிதான் செயலியின் வேலை. நிறையப் பணம் கொடுத்து இரு மடங்கு வேகமுள்ள செயலியை வாங்கிப் பொருத்துகிறீர்கள். 20 வினாடி 10 ஆகிறது. மொத்தம் 90 வினாடி. கண்ணுக்கே தெரியாது! மாறாக, செயலியைத் தொடாமல், தட்டுக்கான காத்திருப்பைப் பத்தில் ஒரு பங்காக்குகிறீர்கள். 80 வினாடி 8 ஆகிறது. மொத்தம் 28 வினாடி.

குழாயின் மிகக் குறுகிய இடத்தை அகலப்படுத்தினால்தான் தண்ணீர் கூடுதலாக வரும். மற்ற இடத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயனில்லை. பழைய கணிப்பொறியைப் புதுப்பிப்பதில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

முதலில் நோய் என்னவென்று பாருங்கள்

குறுகிய இடம் எது என்று கணிப்பொறியே சொல்லும். விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பலகை திறக்கும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளைச் செய்துகொண்டே அதைக் கவனியுங்கள்.

செயலி 10 அல்லது 15 விழுக்காட்டில் இருக்க, தட்டு மட்டும் 100 விழுக்காட்டைத் தொட்டு நின்றால், குறுகிய இடம் தட்டு. நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால், குறை நினைவகத்தில். செயலியே நெடுநேரம் 100 விழுக்காட்டில் இருந்தால் மட்டுமே செயலியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நினைவகம் நிரம்பிவிட்டால் இயக்க மென்பொருள் சும்மா இருப்பதில்லை. அப்போதைக்குத் தேவைப்படாத தகவலைத் தட்டுக்கு அனுப்பி இடம் பண்ணுகிறது. பிறகு அது தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. நான்கு நிமிடத்தில் முடிய வேண்டியது பதினான்கு மாதமாகிவிடுகிறது! தட்டு 100 விழுக்காடு காட்டினாலும், உண்மை நோய் நினைவகப் பற்றாக்குறையாக இருக்கலாம். இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள்.

நினைவகம் வாங்கும்போது

நினைவகப் பலகைகள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. டி.டி.ஆர்.3 வகை 2007-இலும், டி.டி.ஆர்.4 வகை 2014-இலும் விற்பனைக்கு வந்தன. முன்னதற்கு 240 முனைகள், 1.5 வோல்ட், பின்னதற்கு 288 முனைகள், 1.2 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றொன்று செல்லாதபடி அடியில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஆகவே கணிப்பொறியில் உள்ள பலகையைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது.

2013-ஐ ஒட்டிப் பரவலாக விற்ற எச்81 வகைத் தாய்ப்பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் நினைவகத்துக்கு இரண்டு இடங்கள். இரண்டுக்கும் சேர்த்து 16 கிகாபைட் வரை ஏற்கும். எழுத்து வேலை, பாடம், இணையம் ஆகியவற்றுக்கு 8 கிகாபைட் போதும். ஒரே 8 கிகாபைட் பலகையைவிட இரண்டு 4 கிகாபைட் பலகைகள் மேல்; செயலி இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் படிக்க முடியும்.

எச்சரிக்கை இரண்டு. ஒன்று: உங்கள் இயக்க மென்பொருள் 32 பிட் வகையா என்று பாருங்கள். 32 இரும இலக்கங்களால் குறிக்கக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 லட்சம் சொச்சம்; அதாவது 4 கிகாபைட். சாதாரண 32 பிட் விண்டோஸ் அதற்குமேல் பயன்படுத்தாது. முதலில் 64 பிட் வகைக்கு மாற வேண்டும். இரண்டு: பழைய பொருள் சந்தைகளில் சர்வர் கணிப்பொறிகளின் ரெஜிஸ்டர்டு வகை நினைவகம் மலிவாகக் கிடைக்கும். அது வீட்டுக் கணிப்பொறியில் இயங்காது. ஏமாற வேண்டாம்.

தட்டுக்குப் பதில் சில்லு

பழைய கணிப்பொறிக்கு உயிரூட்டும் மருந்து பெரும்பாலும் இதுதான். சுழலும் தட்டு வினாடிக்கு 80 இடங்களைத் தேடிப் படிக்கும், எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 10,000 இடங்களைப் படிக்கும். பழைய தாய்ப்பலகைகளில் சாட்டா என்ற இணைப்பு இருக்கும். எனவே இரண்டரை அங்குல சாட்டா வகையைக் கேட்டு வாங்குங்கள். எச்81 பலகையில் 6 கிகாபிட் இணைப்பு இரண்டும் 3 கிகாபிட் இணைப்பு இரண்டும் உண்டு. வேகமான இணைப்பில் மாட்டுங்கள். விளம்பரங்களில் வரும் மிக வேகமான எம்.2 வகையை மாட்ட இத்தகைய பழைய பலகைகளில் பொதுவாக இடமே இராது.

256 கிகாபைட் இருந்தால் இயக்க மென்பொருளுக்கும் அன்றாட வேலைக்கும் போதும். பழைய தட்டை எறிந்துவிடாமல் இரண்டாவது சேமிப்பகமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மாற்றுவதற்கு முன் ஒன்று செய்தாக வேண்டும். பத்து ஆண்டு சுழன்ற தட்டு எந்த நாளும் நின்றுவிடலாம். குடும்பப் புகைப்படங்களும், பிள்ளைகளின் படிப்புக் குறிப்புகளும் அது ஒன்றில் மட்டுமே இருந்தால், முதல் செலவு வேகத்துக்கன்று. ஒரு படி எடுத்து வெளியே வைப்பதற்கே. செயலியைக் கடையில் வாங்கலாம். போன புகைப்படத்தை வாங்க முடியாது.

செயலி: இழுத்தால் வரும் சங்கிலி

செயலியை மாற்ற ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது பொருத்துவாய். எச்81 பலகையின் பொருத்துவாயில் 1,150 முனைகள். அதே தலைமுறையில் இரண்டு கருக்கள் உள்ள செயலிக்குப் பதிலாக, நான்கு கருக்கள் உள்ள பழைய செயலியைத் தேடிப் போடலாம். அதற்கு அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமானால் தாய்ப்பலகையை மாற்ற வேண்டும். தாய்ப்பலகை மாறினால் டி.டி.ஆர்.3 நினைவகம் பெரும்பாலும் உதவாது. செயலி ஒன்றை இழுத்தால் மூன்று உறுப்புகள் சேர்ந்து வருகின்றன!

முனை எண்ணிக்கை ஒத்திருந்தாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். இன்டெல் 2017-இல் மேசைக் கணிப்பொறிகளுக்கு வெளியிட்ட எட்டாம் தலைமுறைச் செயலிகளுக்கு, முந்தைய தலைமுறைக்கு இருந்த அதே 1,151 முனைகள்தான். எனினும் முந்தைய பலகைகளில் அவற்றைப் பயன்படுத்த முடியாது. இதற்கு மாறாக ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பொருத்துவாய் பல தலைமுறைகளுக்கு இடம் கொடுத்தது. அந்த வகைப் பலகை உள்ளவர்கள், தயாரிப்பாளர் வெளியிட்ட செயலிப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் துணிந்து மாற்றலாம்.

திரைப் பலகையும் மின்வழங்கியும்

கிராஃபிக்ஸ் கார்டு எனப்படும் திரைப் பலகை விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் தேவை. கடிதம் எழுதவும் இணையத்தில் படிக்கவும் அது தேவையில்லை. வாங்குவதானால் மின்சாரத்தைக் கணக்கிடுங்கள். தாய்ப்பலகையின் இணைப்பிடம் தரக்கூடியது 75 வாட். அதற்குமேல் வேண்டும் பலகைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். பழைய மின்வழங்கி அதைத் தாங்குமா என்று பார்க்காமல் பலகையை வாங்கக் கூடாது.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

தாய்ப்பலகையில் நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தாலோ, கசிந்திருந்தாலோ, அதற்குமேல் செலவிடுவது வீண்.

மென்பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டவையும் இருந்தால்தான் முறைப்படி ஏற்கிறது. நம் எச்81 கணிப்பொறியில் இருப்பது நான்காம் தலைமுறை. அப்படியானால் அது குப்பைக்கா? இல்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகள் அதில் நன்றாக இயங்குகின்றன. பாதுகாப்புத் திருத்தங்களும் தொடர்ந்து வருகின்றன. தமிழில் எழுதவும் படிக்கவும் தடையில்லை. ஆனால் உங்கள் வேலைக்கு விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் கட்டாயம் என்றால், பழையதில் பணத்தைப் போடாமல் சேர்த்து வைப்பதே அறிவுடைமை.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் படி எடுத்து வைத்தல், பிறகு தூசி நீக்குதல், அடுத்து டாஸ்க் மேனேஜரின் எண்களைப் பார்த்தல், நினைவகம் 8 கிகாபைட்டுக்குக் குறைந்தால் அதை நிறைத்தல், சுழலும் தட்டில் இயக்க மென்பொருள் இருந்தால் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுதல். இவ்வளவும் செய்த பிறகு கணிப்பொறியை ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அதற்குமேல் எதுவும் வாங்கத் தேவை இராது.