நாக்கு நீளம், வயிறு காலி!



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, ரோபோவைப் பற்றி எழுதலாமா, சூரிய மின்சாரத்தைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதையெல்லாம் எழுத நம் கல்லூரியில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் விடுதி அறைக்கு விருந்தாளியாக வந்து, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மூன்று தடிப்பயல்களைக் கலங்கடித்த ஒரு பச்சோந்திக் குட்டியைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. (இது பத்து மார்க் கேள்வியாக வராது. தைரியமாகப் படிக்கலாம்!)

வேலியில் போனதை...

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. பிராக்டிக்கல் முடிந்து விடுதிக்குத் திரும்புகிறோம். பின்பக்கத் தார்ச்சாலையில் நடுவிரல் நீளத்தில் பச்சையாக ஏதோ ஒன்று, காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடிக் கடக்கிறது. "டேய், லாரி வந்தா சட்னிடா" என்று அள்ளி எடுத்தான் சிவில்காரன். அங்கேயே ஓரத்துப் புதரில் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். "வளக்கலாம்டா மாப்ள" என்றான் மெக்கானிக்கல்காரன். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்ட கதை அங்கே ஆரம்பித்தது.

ஓணான் என்றதும் ஒரு விஷயம். வேலியில் தலையாட்டும், கழுத்துச் சிவக்கும் ஓணானையே பலர் பச்சோந்தி என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. அசல் பச்சோந்தியின் வால் சுருள்வில் மாதிரிச் சுருளும். விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி மாதிரிக் கிளையைப் பிடிக்கும். கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். உலகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில். நம் நாட்டில் இயற்கையாக இருப்பது ஒரே ஓர் இனம்தான். இலங்கையிலும் அதே இனம் உண்டு. கடித்தால் விஷம் என்று ஊரில் சொல்வது சும்மா. அதற்கு விஷமே கிடையாது.

நாங்கள் செய்த திருப்பணிகள்

ஒரு ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே விட்டோம். ஒரு மூடியில் தண்ணீர் வைத்தோம். பஞ்சில் பால் நனைத்து வாயருகே நீட்டினோம். மெஸ்ஸிலிருந்து தயிர்சாதம் வந்தது. ஈ அடித்துப் போட்டோம். ஒன்றையும் சீந்தவில்லை. சனிக்கிழமை காலைக்குள் விஷயம் விடுதி முழுக்கப் பரவி, நாற்பது பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு தடவை தூக்கினார்கள். 'நிறம் மாறுதா பாப்போம்' என்று ஒருவன் சிவப்புத் துண்டில் வைத்தான். சிவக்கவில்லை, கறுத்தது. "பழுதான பீஸ்டா" என்று சிரித்தோம்.

சனிக்கிழமை ராத்திரி விளக்கைப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. உடம்பு கரும்பழுப்பு. கண்கள் உள்ளே குழிந்திருந்தன. கையில் எடுத்தால் பிடிக்கக்கூடத் தெம்பில்லை. "நாமதாண்டா கொன்னுட்டோம்" என்றான் சிவில்காரன். எடுத்து வந்தவன் அவன். குரல் கம்மிப் போயிருந்தது.

அவனுடைய சித்தப்பா ஒரு கலைக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். ராத்திரி பத்து மணிக்கு அவருக்குப் போன் போட்டோம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏண்டா தம்பி, உன்னை ஒரு டப்பாவுல அடைச்சு, நாற்பது யானை வந்து எட்டி எட்டிப் பாத்து, தும்பிக்கையால தூக்கித் தூக்கி வச்சு, வாயில வைக்கோலைத் திணிச்சா நீ சாப்பிடுவியா? அது பசி இல்லாம பட்டினி கிடக்கலைடா. பயந்து கிடக்குது. மொதல்ல பயத்தைப் போக்கு, அப்புறம் சோத்தைப் பத்திப் பேசு. விடிஞ்சதும் வார்டன்கிட்ட சொல்லி வனத்துறைக்குத் தகவல் குடு. அவங்க வர்ற வரைக்கும் நான் சொல்றபடி செய்."

அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத் தருகிறேன்.

நிறம் ஒரு மீட்டர்

பச்சோந்தி நிற்கும் இடத்தின் நிறத்துக்கு மாறுகிறது என்பது நாம் கட்டிய கதை. அரசியல்வாதியைத் திட்ட வசதியாக இருப்பதால் விடமாட்டேன் என்கிறோம்! நிறம் மாறுவது முக்கியமாக வெப்பத்தாலும், வெளிச்சத்தாலும், அதன் மனநிலையாலும். தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் சீராக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடைவெளி மாறினால் திரும்பி வரும் ஒளியின் நிறமும் மாறுகிறது. ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்து 2015-இல் இதைக் காட்டினார்கள். அது தவிரக் கறுப்பு நிறமிகளும் உண்டு. அவை செல்லுக்குள் பரவும்போது உடம்பு கறுக்கும்.

ஆகவே நிறம் என்பது நமக்கு ஒரு மீட்டர் ரீடிங். காலைக் குளிரில் கறுத்தால் வெயிலை உறிஞ்சிக்கொள்கிறது என்று அர்த்தம், பயமில்லை. நாள் பூராவும் கறுத்தே கிடந்தால் பயம் அல்லது நோய். ராத்திரி தூங்கும்போது வெளிறிப்போவது சாதாரணம். ஆனால் பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாக்கு என்னும் ஸ்பிரிங்

மெக்கானிக்கல் நண்பர்கள் இங்கே கவனிக்கவும். பச்சோந்தி முதலில் இரண்டு கண்ணையும் ஒரே இரைமேல் குவிக்கும். காமிரா லென்ஸ் மாதிரிக் கண்ணை ஃபோகஸ் செய்து தூரத்தைக் கணக்கிடும். பிறகு நாக்கு பாயும், உடம்பின் நீளத்தையும் தாண்டி!

தசை நேரடியாகத் தள்ளினால் இந்த வேகம் வராது. நாக்குக்கு நடுவே வழவழப்பான குச்சி எலும்பு ஒன்று உண்டு. அதைச் சுற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக மீள்தன்மையுள்ள உறைகள். அதற்கு வெளியே தசை. தசை நெருக்கும்போது உறைகள் நீண்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. எலும்பின் நுனியைத் தாண்டியதும், ஈரப் புளியங்கொட்டையை இரு விரலால் பிதுக்கினால் பாயுமே, அப்படிப் பாய்கிறது. இந்த உறைகளின் வேலையை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2004-இல் விளக்கினார்கள். ஆப்பிரிக்காவின் குட்டி இனம் ஒன்றின் நாக்கு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 264 மடங்கு முடுக்கத்தில் பாய்வதாக 2016-இல் அளந்திருக்கிறார்கள். நாக்கின் நுனியில் உள்ள பசை மனித உமிழ்நீரைவிடச் சுமார் 400 மடங்கு கெட்டியானது.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒன்று, இந்த ஏற்பாடெல்லாம் நகரும் பூச்சிக்காக. அசையாத தயிர்சாதமும் செத்த ஈயும் அதன் கண்ணுக்கு இரையே அல்ல. இரண்டு, நாக்கு பாய்வதற்கு ஸ்பிரிங் போதும். திரும்ப இழுப்பதற்கோ தசை வேண்டும். குளிரில் பாய்ச்சல் கொஞ்சம்தான் குறைகிறது. இழுப்பது பாதிபோலக் குறைந்துவிடுகிறது. குளிர்ந்து கிடக்கும் குட்டி சரியாகச் சாப்பிடாது, சாப்பிட்டாலும் செரிக்காது. மூன்று, வாயைப் பிளந்து ஊட்டினால் அந்த நாக்கும் தாடையும் கெட்டுப்போகும். அந்த வேலை மருத்துவருடையது, நம்முடையது அல்ல.

புது வீடு

ஞாயிறு விடிந்ததும் வார்டனிடம் சொன்னோம். திட்டினார், போனும் செய்தார். திங்கள் காலை ஆள் வருவதாக வனத்துறையில் சொன்னார்கள். அதுவரை நாங்கள் செய்தவை:

உயரம்: பச்சோந்திக்கு எதிரி மேலிருந்துதான் வரும், பருந்தோ காக்கையோ. தரையில் வைத்துக் குனிந்து பார்த்தால் நாமும் அதற்குப் பருந்துதான். ஆகவே வராந்தா மூலையில் மேசை போட்டு, அதன்மேல் துணி காயப்போடும் ஸ்டாண்டை நிறுத்திக் கொசுவலையைச் சுற்றினோம். உள்ளே செம்பருத்தித் தொட்டி. குட்டி உட்காரும் கிளை எங்கள் தலைக்கு மேலே இருந்தது. (அரளியை வைத்துவிடாதீர்கள், அது நஞ்சு.)

மறைவு: இலை அடர்ந்திருக்க வேண்டும். ஆட்கள் நடக்கும் பக்கம் போர்வையால் மறைத்தோம். கண்ணாடி இருந்தால் எடுத்துவிட வேண்டும். தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்துக் கறுக்கும். இரண்டு குட்டிகளை ஒன்றாக விடுவதும் தப்பு.

வெயிலும் நிழலும்: ஒரு பக்கம் இளவெயில், மறுபக்கம் நிழல். எங்கே போவது என்பதை அதுவே தீர்மானிக்கும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் போதாது. எலும்புக்கு வேண்டிய டி3 வைட்டமினைத் தோலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிரை அந்தக் கண்ணாடி தடுத்துவிடும்.

தண்ணீர்: தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலும் தண்ணீர் என்றே அது அறியாது. இலையில் மின்னும் சொட்டைத்தான் நக்கிக் குடிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் ஊசியால் ஓட்டை போட்டு, இலைமேல் சொட்டுச் சொட்டாக விழும்படி கட்டினோம். இஸ்திரிக்காரர் தெளிப்பானை வாங்கி இலைகளையும் நனைத்தோம்.

இரை: குட்டியின் இரண்டு கண்களுக்கு இடையே எவ்வளவு அகலமோ, பூச்சி அதற்கு மேல் நீளக் கூடாது. (வெர்னியர் காலிப்பரைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள், கண்ணளவு போதும்!) எங்கள் குட்டிக்கு அரிசி மணி அளவுதான். வெட்டுக்கிளிக் குஞ்சு, சின்ன ஈ எல்லாம் ஆகும். மருந்தடித்த இடத்துப் பூச்சியும், அறைக் கரப்பானும் வேண்டாம். தின்னாமல் விட்ட பூச்சிகளை ராத்திரி உள்ளே விட்டுவைக்கக் கூடாது. தூங்கும் குட்டியை அவை கடித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரியம்: சும்மா இருப்பது! தொடாதே, தட்டாதே, அடிக்கடி எட்டிப் பார்க்காதே. இதுதான் எங்களுக்குச் செமஸ்டர் பரீட்சையைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் கவளம்

ஞாயிறு பகல் பதினொரு மணி. கதவிடுக்கில் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு அதன் மூக்கின்மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு வாய் மெல்லத் திறந்தது. அடுத்த சொட்டு, அதற்கடுத்த சொட்டு... கால் மணி நேரம் குடித்தது. சாயங்காலம் உடம்பில் பச்சை எட்டிப்பார்த்தது. பூச்சியை மட்டும் தொடவில்லை.

திங்கள் காலை எட்டரை. வெயில் ஏறிக் குட்டி நல்ல இலைப்பச்சையில் இருந்தது. செம்பருத்தி இலையில் ஒரு வெட்டுக்கிளிக் குஞ்சு நகர்ந்தது. ஒரு கண் திரும்பியது. இன்னொரு கண்ணும் வந்து சேர்ந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. அவ்வளவுதான், இலை காலி! குட்டி மென்றுகொண்டிருந்தது. "சாப்ட்டுச்சுடா!" என்று கத்தப்போன சிவில்காரனின் வாயை நான்தான் பொத்தினேன். அவன் கண்ணில் தண்ணீர். எனக்கு மட்டும் இல்லையா என்று கேட்காதீர்கள்.

பத்து மணிக்கு வனக்காப்பாளர் வந்தார். குட்டி தெளிவாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, "பிடிச்ச எடத்தைக் காட்டுங்க தம்பி" என்றார். சாலையைத் தாண்டி உள்ளே, கருவேலம் புதரில் விட்டோம். இரண்டு எட்டு ஆடி ஆடி நடந்தது. மூன்றாவது எட்டில் இலை எது, அது எது என்று தெரியவில்லை.

அப்போது அவர் சொன்னது: நம் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பிடிப்பதும், வளர்ப்பதும், விற்பதும் குற்றம். தெரியாது என்று சொன்னால் சட்டம் கேட்காது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் வளர்ப்பவை பெரும்பாலும் ஏமன், சவூதி அரேபியாப் பக்கத்து இனமும் மடகாஸ்கர் இனமும்தான். பண்ணையில் பிறந்த குட்டிகளே அங்கே நல்லது என்கிறார்கள். புற ஊதா விளக்கு வைத்து, உட்காரும் இடத்தில் சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூடு வரும்படி செய்து, பூச்சியின்மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுக்கிறார்கள். ஆனால் புதுக் குட்டி வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் அங்கேயும் விதி ஒன்றுதான்: மறைவு கொடு, தண்ணீர் கொடு, தள்ளி நில். வெளிநாட்டு இனத்தை இங்கே வைத்திருப்பதற்கும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். ஆகவே யாரும் ஷூ டப்பாவைத் தேட வேண்டாம். சாலையில் பார்த்தால், அது போகிற பக்கத்து ஓரத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. போன மாதம் எங்கள் பக்கத்து அறைக்கு முதலாண்டுத் தம்பி ஒருவன் வந்தான். இரண்டு நாளாக மெஸ்ஸுக்கே வரவில்லை. பசங்கள் கும்பலாகப் போய், "என்னடா, ஊர் எது, ஏன் சாப்பிடலை" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவன் முகம் கறுத்ததைப் பார்த்தேன். எனக்கு அந்தச் சிவப்புத் துண்டு ஞாபகம் வந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரு செம்பில் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி அவனே தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணே, இன்னைக்கு என்ன குழம்பு?" என்றான்.

— மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை