செந்நாயின் பின்னால் நடந்த நாங்குநேரிக்காரர்

சீயம் என்றால் சிங்கம். செஞ்சிப் பக்கம் சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலைப் பார்த்தவர்கள் உண்டு. ஊர்ப் பெயரில் சிங்கம் இருப்பதை யோசித்தவர்கள் குறைவு. இன்று உழவர்கள் கூடினால் பேச்செல்லாம் எலியும் காட்டுப்பன்றியும்தான். பொறிவண்டை மருந்தடித்துக் கொன்றால் அசுவினி பெருகும் என்பது நமக்குத் தெரியும். காட்டிலும் அதே கணக்குத்தான். அதை நடந்தே படித்தவர் ஏ.ஜே.டி. ஜான்சிங்.

1945-ல் நாங்குநேரியில் பிறந்தவர். ஜிம் கார்பெட்டைத் தமிழில் படித்த பையன். சிவகாசியில் கல்லூரி விலங்கியல் ஆசிரியராக இருந்தவர், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர் காட்டில் செந்நாய்களின் பின்னால் போனார். இந்தியாவில் காட்டில் திரியும் பெரிய விலங்கு ஒன்றை அறிவியல் முறையில் ஆராய்ந்த முதல் இந்தியர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

செந்நாய்க்கு அப்போது நல்ல பெயர் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் கொன்றால் பரிசுப் பணம். மான் இனத்தையே அழித்துவிடும் என்று பயம். ஜான்சிங் என்ன செய்தார்? இரை விழுந்த இடத்தைத் தேடிப் போனார். எச்சத்தைப் பொறுக்கி, அதிலிருந்த முடியைப் பார்த்து எந்த விலங்கு என்று கண்டுபிடித்தார். பெரும்பாலும் புள்ளிமான். வேட்டையாடித் திரும்பிய நாய்கள் குட்டிகளுக்குக் கறியைக் கக்கிக் கொடுக்கும். கூட்டமே சேர்ந்து வளர்க்கும். வெறிபிடித்த கொலைகாரன் என்ற கதை அங்கே நிற்கவில்லை.

பிறகு அமெரிக்காவில் ஆராய்ச்சி. 1985-ல் டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் சேர்ந்தார். இமயமலை அடிவாரத்தில் யமுனையிலிருந்து நேபாளத்தின் பாக்மதி வரை ஓடும் தராய்க் காட்டுத் தொடரில், இந்தியப் பக்கத்தில் புலியும் அதன் இரையும் எப்படி இருக்கின்றன என்று சுற்றிப் பார்த்தார். புலிக்கு நாட்டு எல்லை தெரியாது. மான் இல்லாத காட்டில் அது நிற்காது, அவ்வளவுதான். கிர் சிங்கங்களுக்கு இன்னொரு வீடு தேடிய 1990-களின் ஆய்விலும் இவர் பங்கு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் குனோ பொருத்தமாக வந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சிங்கம் போகவில்லை; 2022-ல் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலி வந்து இறங்கியது! 2024 சூனில் ஜான்சிங் மறைந்தார்.

நம்ம வயலில் சிங்கம் வேண்டாம். சாரைப்பாம்பைக் கண்டால் தடி எடுக்காமல் இருக்கலாம். எலிக்குக் கூகை போதும். அது உட்காரப் பறவைத் தாங்கி நட்டு வையுங்கள். கதிர் பால் பிடிக்கும்போது மறக்காமல் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.