வானொலி வடமும் மழைநீரும்

1964ஆம் ஆண்டு டிசம்பரிலே வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை முதியோர் இன்னும் மறந்திலர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி சேர்ப்பதில் அமெச்சூர் வானொலியாளர் பெருந்துணை புரிந்தனர். ஊதியம் கருதாது, உரிமம் பெற்று வானொலிக் கலையைப் பயில்வோர் இவர்கள்.

நெடுந்தொலைவுக்குச் சிற்றலை உதவும். ஒரு மாவட்டத்துக்குள் கைக்கருவிகளாற் பேசுவதற்கோ 144 மெகாஹேட்ஸ் அளவிலான அலைகளே பெரிதும் பயன்படுகின்றன. இவை ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. செட்டிகுளம் போன்ற சமதரைக் காட்டுப் புறத்தில் மரங்கள் அவற்றை விரைவில் மெலிவித்துவிடும். ஆதலால், உயர்ந்த கோபுரத்தில் அன்ரெனாவை நிறுத்தி, ஒரு மீடிறனிற் கேட்டதை மற்றொரு மீடிறனில் உடனே வலுப்படுத்தி ஒலிபரப்புவர். இதுவே றிப்பீற்றர் எனப்படும் மறுபரப்பு நிலையம்.

இந்நிலையத்தின் உயிர்நாடி, கருவியையும் அன்ரெனாவையும் இணைக்கும் ஓரச்சு வடம்; அதாவது கோஅக்சியல் கேபிள். நடுவே செப்புக் கம்பி, அதனைச் சூழ்ந்து காவற்பொருள், அதன்மேற் செப்புப் பின்னல், வெளியே கறுப்புறை என்பன அதன் உறுப்புகள். வெயிலில் உறை வெடித்தாலும், மேல்முனை இணைப்பிற் சிறு இடைவெளி இருந்தாலும் மழைநீர் பின்னல் வழியே ஊறிச் செல்லும். செப்புக் கறுக்கும், வலு வெப்பமாய் வீணாகும்.

இங்கேதான் ஒரு மயக்கம் உண்டு. அன்ரெனா ஏற்காத வலு திரும்பி வரும். அதனை அளக்கும் மீற்றர் குறைந்த விகிதத்தைக் காட்டினால் எல்லாம் நலமென்று கருதுகிறோம். வாய்க்கால் உடைந்து நீர் வழியிலே வீணாகும்போது, துருசடியில் நிற்பவன் நீர் எதிரேறாமையைக் கண்டு, “வயல் நிறைகிறது” என மகிழ்வது போன்றதே இது.

கணக்கிட்டுப் பாருங்கள். பழுதுற்ற வடம் பத்தில் ஒரு பங்கையே கடத்துவதாகக் கொள்வோம். 100 வாற்று அனுப்பினால் மேலே 10 வாற்று சேரும். அன்ரெனா அறுந்தே போயிருந்தால் அந்தப் பத்தும் திரும்பும். கீழே வந்து சேர்வது 1 வாற்று மட்டுமே. மீற்றரோ 1.2 என்னும் மிக நல்ல விகிதத்தைக் காட்டும்! கேட்கும் திசையிலும் இதே இழப்பு நேரும். வெள்ளத்தின் நடுவே உதவி கேட்பவனின் மெல்லிய குரல், கருவியை எட்டுமுன்னரே மங்கிவிடும்.

எனவே குறையை முறையாகத் தேடல் வேண்டும். முதலாவதாக, கருவியின் வாயிலில் 50 ஓம் போலிச் சுமையைப் பொருத்திச் சோதிக்க. அப்போது செம்மையாக இயங்கினால் குறை அதற்கு மேலே உள்ளது. அடுத்து, ஒலிபரப்பை நிறுத்தியபின், பயிற்சியுள்ளவர் மட்டுமே கோபுரத்தில் ஏறி, வடத்தின் மேல்முனையை அன்ரெனாவிலிருந்து கழற்றிவிட்டு இறங்குக. பின்னர்க் கீழிருந்து சிறிதளவு வலுவைக் கணப்பொழுது அனுப்புக. நல்ல வடமாயின் விகிதம் மிக உயரும். அப்போதும் மீற்றர் “நலம்” என்று கூறினால் வடமே நோயாளி. மெலிந்த குரல்கள், ஒலிபரப்பி ஓய்ந்திருக்கையிற் கேட்டு, அது இயங்குகையில் மறைந்தால், துருவேறிய இணைப்புகளையும் ஐயுறுக.

நீர் ஊறிய வடத்தை உலர்த்திப் பயனில்லை, மாற்றுவதே வழி. புதிய இணைப்பைச் சுற்றும் இறப்பர் நாடா, கிடுகு வேய்வதுபோலக் கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று படியச் சுற்றப்படல் வேண்டும். வடம் கட்டடத்துள் நுழையுமுன் சற்றே தாழ்ந்து வளைந்தால், நீர் அவ்வளைவிலே சொட்டிவிடும். புதிதாக அமைத்த நாளிற் கண்ட அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆண்டுதோறும் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் ஒப்பிடுக.

குளக்கட்டை மாரி தொடங்குமுன் பார்ப்பது வன்னி உழவரின் வழக்கம். வானொலி வடத்துக்கும் அதுவே விதி.