எருமை காத்த இளைஞனும் அவன் நாயும்

ஹவுராவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு "காட்டால்" என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சந்துக்குள் இருக்கும் எருமைக் கொட்டில்தான் அது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்த வாலிபர்கள் அங்கே விடியுமுன் எழுந்து சாணம் அள்ளுகிறார்கள், தீனி வைக்கிறார்கள், பால் கறக்கிறார்கள். பால் வாங்குகிற நமக்கு அவர்களுடைய பெயர் தெரியாது.

மாட்டோடு மாடாக உழைப்பவன் பெயரை யார் நினைவில் வைக்கப் போகிறார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அப்படி ஓர் இளைஞனின் பெயரைத் தமிழ்நாட்டில் ஒரு கல் 1,400 ஆண்டுகளாகச் சுமந்து வருகிறது. அவன் வளர்த்த நாயின் பெயரும் அதே கல்லில் இருக்கிறது!

சினிமா வேறு, வாழ்க்கை வேறு

மாடு மேய்க்கும் வீரன் என்றதும் நம் ரசிகர்களுக்கு ஜெய்சங்கர் நடித்த "கங்கா" (1972) போன்ற படங்கள்தான் நினைவுக்கு வரும். குதிரை, தொப்பி, துப்பாக்கி! அமெரிக்காவின் அசல் கௌபாய் அப்படி வாழ்ந்தவன் அல்ல. 1865-ல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, டெக்சாஸ் மாநிலத்து மாடுகளைப் பல நூறு மைல் ஓட்டிச் சென்று கான்சாஸ் மாநிலத்து ரயில் நிலையங்களில் சேர்த்த கூலிக்காரன் அவன். பெரும்பாலும் இளவட்டம். மழையிலும் புழுதியிலும் ராத்தூக்கம் இல்லாமல் மந்தையைக் காத்தான். மந்தை முதலாளிக்கு, மாதச் சம்பளம் அவனுக்கு.

அவனுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் முந்தியவன் நம் இளைஞன்.

எடுத்தனூர்க் கல்

திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து ஊர் எடுத்தனூர். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் அங்கே ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கல்கியின் "சிவகாமியின் சபதம்" படித்தவர்களுக்கு அந்த மன்னனைத் தெரியும்.

கல் சொல்லும் செய்தி சுருக்கமானது. வாணகோ அரைசர் என்ற குறுநில மன்னரின் மருமகனார் பொற்றொக்கையார். அவரிடம் பணி செய்த இளமகன் கருந்தேவக்கத்தி. அவன் தன் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டான். "தன் எருமை" என்றே கல் சொல்கிறது. மேய்ப்பவன் தான் மேய்க்கும் மாட்டை என் மாடு என்று சொல்வது இன்றும் கிராமத்து வழக்கம்தானே!

வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தனி வாசகம் பொறித்திருக்கிறார்கள். நாய்க்கும் நன்றி மறக்கவில்லை அந்த ஊர்.

மாடே செல்வம்

எருமைக்காக உயிரை விடுவதா என்று கேட்கலாம். பழந்தமிழில் "மாடு" என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் உண்டு. மந்தை போனால் ஊரின் பிழைப்பே போயிற்று. எதிரியின் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் இலக்கணம் வகுத்தார்கள். அதில் மடிந்தவனுக்குக் கல் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் முறை சொல்கிறது.

இந்த வழக்கம் பல்லவர் காலத்துக்கும் மிக முந்தியது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுக்கப்பட்ட, 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று, ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு எடுத்ததுதான்.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை ஊர் ஊராகத் தேடிப் படித்தது. இரா. நாகசாமி பதிப்பித்த "செங்கம் நடுகற்கள்" நூல் 1972-ல் வெளிவந்தது. அதுவரை அந்தக் கற்களைக் காப்பாற்றி வந்தவர்கள் கிராமத்து மக்களே. இன்னாருடைய கல் என்று தெரியாவிட்டாலும், "வேடியப்பன்" என்று பெயரிட்டுப் பல ஊர்களில் பொங்கல் வைத்து வணங்கி வந்தார்கள்.

நாம் செய்யக்கூடியது

மன்னர்களுக்குக் கோயில் உண்டு, செப்பேடு உண்டு. கருந்தேவக்கத்திக்கு இருப்பது இந்த ஒரு கல்தான். ஆனால் அதில் பல்லவப் பேரரசனின் பெயர், வாண அரசர், எசமானர் பொற்றொக்கையார், வேலைக்காரன், நாய் எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள். உழைத்துச் செத்தவனின் பெயரை எழுதி வைப்பது ஊரின் கடமை என்று அந்த மக்கள் நினைத்தார்கள். ஊர் விட்டு வந்து பிறர் வேலை செய்யும் நமக்கு இதன் அருமை நன்றாகவே புரியும்.

லீவில் சென்னை மெயில் ஏறும் அன்பர்கள் திருவண்ணாமலை சென்றால், செங்கம் பக்கமும் ஒருநாள் போய் வரலாம். அங்கே மட்டுமல்ல, நம் சொந்த ஊர் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ எழுத்துள்ள பழங்கல் கிடந்தால், அதைத் துணி துவைக்கவும் படிக்கட்டுக்கும் விட்டுவிடாமல் தாசில்தாருக்கோ தொல்லியல் துறைக்கோ ஒரு கார்டு எழுதிப் போடலாம். அந்தக் கல்லிலும் யாரோ ஓர் ஏழைப் பிள்ளையின் பெயர் இருக்கக்கூடும்.