எந்தக் கணிப்பொறி சிறந்தது?



சிம்பாங் அம்பாட் பக்கத்துக் கடைகளில் நாலு பேர் கூடினால், ஹோண்டா மோட்டார் சைக்கிள் நல்லதா, யமஹா நல்லதா என்று வாதம் தொடங்கிவிடும். இதே போன்ற வாதம் கணிப்பொறி உலகிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. 1980-களில் வீட்டுக்கென்று விற்கப்பட்ட கணிப்பொறிகளை இன்றும் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் பல நாடுகளில் உள்ளனர். எது சிறந்தது என்று அவர்கள் வாதிடுவதில், பிள்ளைகளுக்குக் கணிப்பொறி வாங்க நினைக்கும் பெற்றோருக்கு நல்ல பாடம் ஒன்று இருக்கிறது.

வாதத்தில் அடிக்கடி வரும் பெயர்கள் மூன்று. 1981 டிசம்பரில் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்டது பி.பி.சி. மைக்ரோ. 1982 ஏப்ரலில் அதே நாட்டில் வந்தது சின்கிளேர் ஸ்பெக்ட்ரம். ரப்பர் விசைகள் கொண்ட சிறிய பொறி அது. 1982 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது கொமடோர் 64. மூன்றையும் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கலாம். ஒலிநாடாவிலிருந்து நிரல்களை ஏற்றலாம்.

முதலில் நினைவகத்தைப் பார்ப்போம். கொமடோரில் 64 கே. ஸ்பெக்ட்ரமின் பெரிய வகையில் 48 கே. ஒரு கே என்பது 1024 எழுத்துகளுக்கு உரிய இடம். அப்படியானால் கொமடோர்தான் பெரியது என்போம். ஆனால் பொறியை இயக்கி, 'பேசிக்' என்னும் எளிய ஆணைமொழியில் எழுதத் தொடங்கினால், கொமடோரில் மிஞ்சும் இடம் 38,911 எழுத்துகளுக்கு மட்டுமே. ஸ்பெக்ட்ரமில் ஏறக்குறைய 41,000 எழுத்துகளுக்கு இடம் இருக்கும். வீடு பெரிதாக இருந்தாலும், சாமான் அடைத்த அறைகள் போக நாம் புழங்கும் இடம் எவ்வளவு என்பதே கணக்கு.

அடுத்தது வேகம். ஸ்பெக்ட்ரமின் துடிப்பு வினாடிக்கு 35 இலட்சம். கொமடோரின் துடிப்பு சுமார் 10 இலட்சம். மூன்றரை மடங்கு வேகமா? இல்லை. தகப்பனோடு நடக்கும் குழந்தை மூன்று எட்டு வைக்கும் தூரத்தைத் தகப்பன் ஓர் எட்டில் கடந்துவிடுவார். ஸ்பெக்ட்ரமின் செயலி ஓர் ஆணையை முடிக்கக் குறைந்தது நான்கு துடிப்பு வேண்டும். கொமடோரின் செயலிக்கு இரண்டே போதும். ஆகவே உண்மையான வேக வித்தியாசம் எண்ணில் தெரிவதைவிடக் குறைவு.

நிறத்திலும் இசையிலும் கொமடோருக்கே பெயர். மூன்று குரலில் இசைக்கும் தனிச் சில்லு அதில் உண்டு. ஸ்பெக்ட்ரமிலோ படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு இரண்டு நிறம் மட்டுமே தீட்ட முடியும். அப்படிக் கோலம் போட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆனால் ஸ்பெக்ட்ரமில் வட்டம் வரைய ஓர் ஆணை எழுதினால் போதும். கொமடோரின் பேசிக்கில் அத்தகைய ஆணை இல்லை. விலையிலும் ஸ்பெக்ட்ரம் எளியது: 48 கே வகை 175 பவுண்டு.

பி.பி.சி. மைக்ரோவின் பி வகைக்கு 399 பவுண்டு விலை. நினைவகமோ 32 கே மட்டும். அப்படியும் இங்கிலாந்துப் பள்ளிகள் அதைத்தான் பெருமளவில் வாங்கின. இந்தியாவில் 1984-இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்திலும் அது இடம்பெற்றது. உறுதியான விசைப்பலகை, வேகமான பேசிக், வேறு கருவிகளை இணைக்கும் வசதி ஆகியவையே காரணம். அதைச் செய்த நிறுவனம் 1985-இல் 'ஆர்ம்' என்ற செயலியை உருவாக்கியது. இன்று உங்கள் கையிலுள்ள கைப்பேசி பெரும்பாலும் அந்தச் செயலியின் வழித்தோன்றலால்தான் இயங்குகிறது.

ஆக, எது சிறந்தது? விளையாட்டுக்கும் இசைக்கும் ஒன்று, சிக்கனத்துக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று. ரப்பர்க் கன்று தேர்ந்தெடுக்கும்போது பால் அதிகம் தருமா என்று மட்டுமா பார்க்கிறோம்? நோய் தாங்குமா, காற்றுக்கு முறியுமா என்றும் பார்க்கிறோம் அல்லவா?

சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குக் கணிப்பொறி வாங்கும் தாய் தந்தையர், பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். கடைக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். என் பிள்ளையின் பாடத்துக்கு இது பொருந்துமா? சொல்லும் இடத்தில் எங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு? பழுதானால் அருகில் யார் பார்ப்பார்? இதில் பிள்ளை தானே ஏதாவது எழுதிச் செய்ய முடியுமா?

நான்காம் கேள்வி மிக முக்கியமானது. அந்தப் பழைய பொறிகளை இயக்கியதும், ஆணைக்குக் காத்திருக்கும் வெறும் திரைதான் தோன்றும். பிள்ளை ஏதாவது எழுதினால்தான் பொறி வேலை செய்யும். இன்றைய கருவியோ கேளாமலே படம் காட்டும். பார்ப்பவராக மட்டும் பிள்ளை நின்றுவிடாமல், செய்பவராக வளரத் துணை நிற்கும் கருவி எதுவோ, அதுவே உங்கள் வீட்டுக்குச் சிறந்தது. அது பழையதாகவோ, விலை குறைந்ததாகவோ இருந்தாலும் குறையில்லை.