காப்பர் மாட்யூலுக்கு ஏன் காய்ச்சல்?



"நெட்வொர்க் சுவிட்ச் என்ன அடுப்பா, சூடாவதற்கு?" என்று கேட்பவர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. 10 ஜிகாபிட் வேகத்தில் ஓடும் காப்பர் மாட்யூலை ஒருமுறை தொட்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்!

மாட்யூல் என்றால்?

சுவிட்ச்சின் முகப்பில் செருகும் கட்டைவிரல் அளவு உலோக டப்பாதான் எஸ்.எஃப்.பி. பிளஸ் மாட்யூல். ஃபைபருக்கு ஒரு வகை. நாம் கிரிம்ப் செய்து பழகிய ஆர்.ஜே. 45 கேபிளுக்கு ஒரு வகை. குறைந்த தூர ஃபைபர் மாட்யூல் சுமார் 1 வாட் அல்லது அதற்கும் குறைவாகவே எடுக்கும். காப்பர் மாட்யூலோ 2 முதல் 3 வாட் வரை இழுக்கும். எட்டை வரிசையாகச் செருகினால் 20 வாட் ஒரே இடத்தில்!

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்பியிலிருந்து அல்ல, கணக்கிலிருந்து! 2006-ல் வந்த 10 ஜிபேஸ்-டி தரப்படி, கேபிளின் நான்கு ஜோடிகளிலும் ஒரே சமயத்தில் இரு திசையிலும் சிக்னல் போகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் வினாடிக்கு 80 கோடி குறியீடுகள். ஒவ்வொன்றும் 16 மின்னழுத்த நிலைகளில் ஒன்று. தான் அனுப்பியதன் எதிரொலி, பக்கத்து ஜோடியின் குறுக்குப்பேச்சு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, எதிர்முனை சொன்னதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் நண்பன் குரலைத் தேடுவது மாதிரி. இதற்காக உள்ளே இருக்கும் சிப் ஓயாமல் உழைக்கிறது. டேட்டா போகாவிட்டாலும், லிங்க் இருக்கும்வரை பெரும்பாலும் இந்த வேலை நிற்பதில்லை.

யார் குற்றம்?

இன்பிளான்ட் டிரெயினிங் போன ஓர் அலுவலகத்தில், தினமும் மதியம் லிங்க் விழுந்தது. "கேபிள் போட்டவன் சரியில்லை" என்று வயரிங் அண்ணனைத் திட்டினார்கள். மூன்று முறை கேபிளை மாற்றியும் பலனில்லை. அவருடைய கூலியும் நின்றது. என் அப்பாவும் வயரிங் வேலைக்குக் கூட உதவிக்குப் போகிறவர்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. பொறுப்பாளரிடம் கேட்டு, சுவிட்ச் காட்டும் மாட்யூல் வெப்பநிலையைப் பார்த்தேன். 84 டிகிரி! பூட்டிய மர அலமாரிக்குள் நான்கு மாட்யூல்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. கதவைத் திறந்து, இடைவெளி விட்டு மாற்றினோம். லிங்க் நின்றது, அண்ணனுக்குக் கூலியும் கிடைத்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரே ரேக்குக்குள் சில மீட்டர் தூரம்தான் என்றால், இரு முனையும் பொருத்தியே வரும் டி.ஏ.சி. கேபிள் போதும். அது எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம்.
2. புதிதாக இழுக்கும் நீண்ட தூரத்துக்கு ஃபைபர் நல்லது. சுவரில் ஏற்கெனவே நல்ல காப்பர் இருந்தால் மட்டும் இந்த மாட்யூல்.
3. காப்பர் மாட்யூல்களை அடுத்தடுத்துச் செருகாதீர்கள். நடுவே ஒரு போர்ட் காலியாக இருக்கட்டும்.
4. ஃபேன் காற்று நுழையும், வெளியேறும் வழியை மறைக்காதீர்கள்.
5. தூரத்தைக் கவனியுங்கள். இவற்றில் பல மாட்யூல்களுக்கு 30 மீட்டர்தான் எல்லை.
6. சாதாரண வகை மாட்யூலின் மேலோட்டுக்குப் பெரும்பாலும் 70 டிகிரிதான் வரம்பு. வெயில் ஏறிய மதியத்தில் அளவைப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான். படித்தவன் முதலில் அளந்து பார்க்க வேண்டும். ஆளைக் குறை சொல்வது அப்புறம். நாளை வேலைக்குப் போகும் நாம் எல்லோரும் இதை மறக்காமல் இருப்போம், நண்பர்களே!