பழைய வண்டியும் புதிய பெட்ரோலும்

தச்சுப் பட்டறையில் மேசை நாற்காலிகளுக்கு மெருகேற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அரக்குச் சீவல்களை ஒரு புட்டியில் இட்டு, ஸ்பிரிட்டை ஊற்றி மூடி வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் சீவல்கள் கரைந்து, தேன் நிறத் திரவமாகியிருக்கும். அதைத் துணிப் பந்தில் தோய்த்து மரத்தின் மீது தேய்ப்பார்கள். ஸ்பிரிட் ஆவியாகிப் போக, அரக்கு மட்டும் பளபளப்பான படலமாகத் தங்கிவிடும். இந்த ஸ்பிரிட்டில் பெரும் பகுதி எத்தனால்தான். அரக்கு எத்தனாலில் கரையும், பெட்ரோலில் கரையாது.

இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு, நூறாண்டு பழமையான ஒரு காரின் எஞ்சினை எட்டிப் பாருங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்காக ஒரு மிதவை இருக்கும். வீட்டு மாடித் தொட்டியில் நீர் நிரம்பியதும் குழாயை அடைக்கும் பந்தைப் போன்றதே இது. அக்காலத்தில் பல கார்களில் இம்மிதவையைத் தக்கையால் செய்தார்கள். தக்கை பெட்ரோலை உறிஞ்சிவிடாமல் இருக்க, மேலே அரக்குப் பூச்சு கொடுத்தார்கள்.

இப்போது அந்தக் காருக்கு எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றினால் என்ன ஆகும்? பூச்சு சிறிது சிறிதாகக் கரையும். தக்கை பெட்ரோலில் ஊறிக் கனத்து, அமிழ்ந்துவிடும். அடைக்க வேண்டிய வழி அடைபடாது. பெட்ரோல் பொங்கி வழிந்து சூடான எஞ்சின் மீது கொட்டலாம்! காரைச் செய்தவர் மீது குற்றம் இல்லை. பெட்ரோல் கரைக்காத பொருளைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் பெட்ரோலே மாறிவிடும் என்று அவர் எப்படிக் கண்டார்?

ஏன் மாறியது? நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. எத்தனாலையோ கரும்பாலைக் கழிவுப்பாகு, கரும்புச் சாறு, மக்காச்சோளம், நொய்யரிசி ஆகியவற்றிலிருந்து இங்கேயே வடிக்கலாம். 2003-ல் 5 விழுக்காட்டுக் கலப்புடன் சில மாநிலங்களில் திட்டம் தொடங்கியது. 2022-ல் 10 விழுக்காடு எட்டப்பட்டது. 20 விழுக்காட்டு எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெங்களூரில் அறிமுகமாயிற்று. 2025-ல் நாடு முழுவதும் அந்த அளவை எட்டிவிட்டது. இதில் எத்தனாலின் குறியான E எழுத்தோடு விழுக்காட்டு எண்ணையும் சேர்த்து 'ஈ-20' என்கிறார்கள்.

ஒரு சிறு வாலின் வேலை

பெட்ரோல் என்பது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உண்டு. எத்தனாலின் வாய்பாடு C₂H₅OH. இந்த OH என்னும் வாலைக் கவனியுங்கள். C₂H₅ என்ற உடற்பகுதி பெட்ரோலோடு உறவு கொண்டாடும். OH வாலோ தண்ணீரோடு உறவாடும். இரு வீட்டிலும் உறவு வைத்திருக்கும் ஆள் என்றால் தொல்லை வராமலா இருக்கும்?

பெட்ரோலில் தண்ணீர் ஏறக்குறையக் கரைவதே இல்லை. கொஞ்சம் நீர் புகுந்தால் டேங்கின் அடியில் தனியே நிற்கும்; வடித்துவிடலாம். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலோ, 15 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் நீரைக் கண்ணுக்குத் தெரியாமல் தன்னுள் வைத்துக்கொள்ளும். எத்தனால் கூடினால் இந்த அளவும் கூடும். வரம்புக்குள் இருக்கும்வரை தீங்கில்லை. அந்த நீரும் எஞ்சின் வழியாக வெளியே போய்விடும். வரம்பு மீறினாலோ, குளிரில் வரம்பே சுருங்கினாலோ, நீர் தன் உறவினனான எத்தனாலையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். மேலே பெட்ரோல், அடியில் நீரும் எத்தனாலும் கலந்த ஓர் அடுக்கு. எஞ்சினுக்குப் போகும் குழாய் எங்கிருந்து தொடங்குகிறது? அடியிலிருந்துதான்! வண்டி நின்றுவிடும். இரும்பு டேங்கும் அடிப்புறத்தில் துருப்பிடிக்கும்.

தினமும் ஓடும் வண்டிக்கு இந்த ஆபத்து குறைவு. மழையில் மூடி வழியே நீர் கசியும் வண்டிக்கும், ஆண்டுக்கு இரு முறை மட்டும் அணிவகுப்புக்கு வெளியே வரும் வண்டிக்கும்தான் அதிகம். காற்றிலுள்ள ஈரத்தை எத்தனால் ஒரே இரவில் குடித்து டேங்கை நிரப்பிவிடும் என்பதெல்லாம் மிகைப்பேச்சு.

கரைக்கும் குணமும் இந்த மூலக்கூறுக்கு உண்டு என்று அரக்கின் கதையில் கண்டோம். பழைய ரப்பர் குழாய்கள், பம்பின் சவ்வுகள் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பும். பின்பு காய்ந்து வெடிக்கும். கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் கொண்டு செய்த டேங்குகள் மேலைநாட்டுப் பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் இருந்தன. அவை இளகிப் போயின. நீரும் எத்தனாலும் சேர்ந்தால், கார்புரேட்டர் வார்க்கப் பயன்படும் துத்தநாகக் கலப்பு உலோகத்தையும் அரிக்கும். போதாக்குறைக்கு, டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்து கிடந்த பிசுக்கை எத்தனால் கழுவிக் கொண்டுவந்து, ஊசிமுனையளவு துளையுள்ள ஜெட்டில் அடைத்துவிடும்.

காற்றுக் கணக்கு

சென்னைத் திருவொற்றியூரில் தயாரான ஒரு பழைய புல்லட்டை எடுத்துக்கொள்வோம். அதன் கார்புரேட்டரில் ஜெட் என்னும் துளையின் அளவே பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ காற்று போதும். 20 விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோ. ஆனால் ஜெட் பழைய கணக்கிலேயே எரிபொருளை விடுகிறது. எனவே எரிபொருள் குறைந்து, காற்று மிகுந்துவிடுகிறது. எஞ்சின் திணறும், சூடேறும், காலையில் கிளப்ப உதைமேல் உதை விழும்.

இக்கால வண்டிகளில் புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் உணர்கருவி இருக்கிறது. அது சொல்லும் செய்தியைக் கேட்டு, மின்னணு மூளை கூடுதல் பெட்ரோலைச் செலுத்திவிடும். புல்லட்டுக்கு மூளை வேறெங்கும் இல்லை. மெக்கானிக்கின் தலையில்தான் இருக்கிறது! அவர் சற்றே பெரிய துளையுள்ள ஜெட்டை மாட்டினால் குறை பெரும்பாலும் தீரும்.

மைலேஜ் எவ்வளவு குறையும்? நீங்களே கணக்கிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல். ஒரு லிட்டர் எத்தனாலில் ஏறத்தாழ 21 மெகாஜூல். 0.8 × 32 + 0.2 × 21 = 29.8. அதாவது 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான இழப்பு. எத்தனாலை எண்ணாமல் வடிவமைத்த கார்களுக்கு 6 முதல் 7 விழுக்காடும், இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 விழுக்காடும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கூறியது. பாதி மைலேஜ் போய்விட்டது என்று எவராவது சொன்னால், வேறு பழுதையும் தேடச் சொல்லுங்கள்.

எத்தனாலுக்கு ஒரு நற்குணமும் உண்டு. அதன் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டியது. அமுக்க விகிதம் மிகுந்த எஞ்சினிலும் அது 'டக் டக்' என்று இடிக்காமல் எரியும். ஆனால் அமுக்க விகிதம் 7-க்கும் குறைவான பழைய புல்லட்டுக்கு இதனால் இலாபம் ஏதுமில்லை. பல் இல்லாதவனுக்குக் கிடைத்த முறுக்குதான்!

பிரேசில் நாடு 1975-ல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 1979-ல் அங்கே எத்தனாலில் மட்டுமே ஓடும் பியட் 147 கார் விற்பனைக்கு வந்தது. எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆகவே, காலையில் எஞ்சினைக் கிளப்ப மட்டும் தனியே ஒரு சிறு பெட்ரோல் புட்டியை அத்தகைய கார்களில் வைத்தார்கள். எரிபொருளுக்கு ஏற்ப வண்டியை அமைத்த வழி இது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 விழுக்காட்டுக் கலப்பு வந்தபோது, பழைய கார்களுக்காக 5 விழுக்காட்டுக்கு மேற்படாத மற்றொரு வகையையும் விட்டுவைத்தார்கள். விலை சற்று அதிகம்.

இந்தியாவில் எத்தனால் கலவாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கோரிய வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. பழைய வண்டி என்றதும் அணிவகுப்பில் மாலை போட்டு வரும் கார்களையே நினைக்காதீர்கள். பால் கேன் கட்டிக்கொண்டு போகும் இருபது வயது மோட்டார் சைக்கிளும் பழைய வண்டிதான். அதன் சொந்தக்காரருக்கு 7 ரூபாய் இழப்பும் கணக்குத்தான். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம், செலவு குறைவே என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் அறிவித்தது. செலவு யாருக்குக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் அத்தகைய வண்டி இருந்தால், டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைப் பெரியவர்கள் துணையோடு, எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். இலேசாக வளைத்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றனவா? விரலில் கறுப்பாக ஒட்டுகிறதா? அப்படியானால் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரின் ரப்பர் குழாயை மெக்கானிக்கிடம் கேட்டு மாற்றச் சொல்லுங்கள். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்துவதானால், டேங்க் வால்வை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியிருப்பது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை திறந்தவெளியில் ஓடவிடச் சொல்லுங்கள்.